என் நம்பரையே போட்டுக்கறனுங்க

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் காந்தலில் பலருக்கு அது யாருடைய பெயர் என்று தெரியாது. அவருடைய கைப்பேசி எண்ணைச் சொன்னால் தெரியும். எண் முழுவதும்கூட வேண்டியதில்லை, முடிவில் வரும் இரட்டை எட்டைச் சொன்னால் போதும், “நம்ம நம்பர் அக்காவா?” என்பார்கள். அக்கா என்று அழைத்தவர்களில் அவரைவிட மூத்தவர்களும் உண்டு.

எனக்கும் அவருக்கும் உறவோ நட்போ கிடையாது. நான் அதே மலை நகரத்தில், பெர்ன்ஹில்லில் வசிப்பவன். சட்டக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அவர் காந்தலில் ஓர் இணையச் சேவை மையம் நடத்தியவர். ஓய்வூதியம் பெறுகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று ஆண்டுதோறும் விரல்ரேகை வைத்துச் சொல்ல வேண்டும் அல்லவா, அதற்காக அவரிடம் போவேன். எங்கள் பழக்கம் அந்த அளவுக்கு உட்பட்டதுதான். ஆனாலும் சில வாரங்களாக நான் வேறு எதையும் நினைக்க முடியாதவனாக இருக்கிறேன்.

அவருடைய கடை காந்தல் சரிவில் இருந்தது. சாலையிலிருந்து சில படிகள் இறங்கினால் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. உள்ளே ஒரு கணினி, விரல்ரேகைக் கருவி, அச்சுப்பொறி, ஈரத்தில் தாள் சுருண்டுவிடாமல் இருக்கப் பகலிலும் எரியும் ஒரு குண்டு பல்பு. அவர் கழுத்தில் எப்போதும் கம்பளி நூலால் பின்னிய சிறு பை ஒன்று தொங்கும். அதற்குள் பொத்தான் வைத்த பழைய கைப்பேசி. செய்தி வந்தால் வெண்கலக் கிண்ணத்தைக் கரண்டியால் ஒருமுறை தட்டியது போல ஒலிக்கும். கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கைப்பேசியை வெளியே எடுத்து, ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இது மேலத்தெரு கேஸுங்க, சிலிண்டர் வருது” என்பார். மறுபடி ஒலிக்கும். “இது பேக்டரி வாட்ச்மேன் பி.எப்.” என்பார். அந்தச் செய்திகளில் பெயர் இருக்காது. வெறும் இலக்கங்கள் மட்டுமே இருக்கும். யார் எதற்கு விண்ணப்பித்திருக்கிறார், யாருக்கு எது வரவேண்டும் என்பதெல்லாம் அவர் நினைவில் இருந்தது.

பிறருக்கான செய்திகள் அவருக்கு வருவதன் மூலகாரணத்தை நான் நேரில் கண்ட நாள் ஒன்று உண்டு. நான் என் முறைக்காகப் பெஞ்சில் அமர்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அம்மாள், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர், இலங்கையிலிருந்து குழந்தையாக இங்கே அழைத்துவரப்பட்டவர். விண்ணப்பத்தில் ஒவ்வொரு கட்டமாக நிரம்பி, கைப்பேசி எண் கேட்கும் கட்டத்தில் வந்து நின்றது.

“போன் நம்பர் சொல்லுங்கம்மா.”

“போனு என்னாத்துக்கு புள்ள? தோட்டத்து லயத்து வீட்டுல டவரே எடுக்காது. மகன்கிட்ட ஒண்ணு இருக்கு, அவன் திருப்பூர்ல கெடக்கான்.”

“அப்ப மகன் நம்பர் போடட்டுங்களா?”

“அவன் சட்டைய மாத்துற மாதிரி நம்பர மாத்துறவன். போடாத.”

“சரி உடுங்க. என் நம்பரையே போட்டுக்கறனுங்க. எது வந்தாலும் நான் பாத்துக்கறனுங்க.”

அந்த அம்மாள் சிரித்தார். “கண்டியில கப்பலுக்குப் பேரு பதியுறப்ப ஒருத்தன் எனக்கு ஒரு பேரை எழுதினான். இங்கிட்டு வந்து மண்டபம் கேம்ப்ல எறங்குறப்ப ஒருத்தன் வேற மாதிரி எழுதினான். தோட்டத்து ஆபீஸ்ல இன்னொரு பேரு. பேருதான் மூணாக் கெடக்கு, நம்பராவது ஒண்ணா இருக்கட்டும்.”

நான் குறுக்கிட்டேன். ஒருவருடைய அடையாள ஆவணத்தோடு இன்னொருவருடைய எண்ணை இணைப்பது முறையல்ல என்பதை விளக்கினேன். இருவரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

“முறை இல்லீங்கதான் ஐயா,” என்றார் நம்பர் அக்கா. “ஆனா இந்தக் கட்டம் காலியா இருந்தா அடுத்த பக்கம் போகாதுங்களே.”

விண்ணப்பத்தின் அடியில், ‘மேற்கண்ட நிபந்தனைகளைப் படித்துப் புரிந்துகொண்டு என் ஒப்புதலை அளிக்கிறேன்’ என்று ஒரு வரியும் அதன் அருகில் ஒரு சிறு சதுரமும் இருந்தன. அந்தச் சதுரத்தில் குறியிடுவதற்கு முன் அவர் திரும்பி, “ஒத்துக்கறீங்கல்ல?” என்று கேட்டார். “நீ சொன்னாச் சரி” என்றார் அந்த அம்மாள். ஒப்புதல் என்பதற்கு நான் வகுப்பறையில் ஒரு மணி நேரம் பொருள் சொல்லியிருக்கிறேன். காந்தலில் அது அந்த இரு வாக்கியங்களில் முடிந்தது.

அவர் இதைப் பணத்துக்காகச் செய்தார் என்று எவரும் சொன்னதில்லை, நானும் சொல்லமாட்டேன். அந்த எண்ணுக்கு அவர் எத்தனை கட்டுப்பட்டிருந்தார் என்பதை அறிந்தவர்கள் அப்படி நினைக்கவும் முடியாது. அவருடைய தங்கை அவலாஞ்சியில், மின்வாரியக் குடியிருப்பில் இருந்தார். அங்கே கைப்பேசிக்கு உயிர் கிடையாது. தங்கை வீட்டு விசேஷத்துக்கு ஒருமுறை போய்விட்டு மாலையில் திரும்பியபோது, வழியில் சிக்னல் கிடைத்த இடத்தில் அந்தக் கைப்பேசி நிறுத்தாமல் ஒலித்ததாம். அத்தனையும் காலாவதியாகிப்போன குறியீடுகள். கடை வாசலில் ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்களாம். அதற்குப் பிறகு அவர் அவலாஞ்சிக்குப் போகவேயில்லை. தங்கைதான் காந்தலுக்கு வந்து போவார். ஒருமுறை என் எதிரிலேயே, “ஏனக்கா, நீ மாமனுக்கு வாக்கப்பட்டியா, இந்தப் போனுக்கு வாக்கப்பட்டியா?” என்று கேட்டார். “மாமன் பேசாம இருந்துக்குவாரு புள்ள, இது இருக்காதே” என்றார் இவர், கையைப் பையின்மேல் வைத்தபடி.

காந்தலில் நடந்துகொண்டிருந்த ஒரு வழக்கத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும். ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் கடவுச்சொல், ஊரார் வாயில் ஓ.டி.பி., சில நிமிடங்களில் செத்துவிடும். உரியவர் சரிவின் அடியில் வீட்டில் இருப்பார். வங்கிக்காரரோ கேஸ்காரரோ அவர் வீட்டு வாசலில் நின்று அதைக் கேட்பார். செய்தியோ மேலே இவர் கழுத்தில் ஒலிக்கும். இவர் கடை வாசலுக்கு வந்து, கையைக் குவித்து, கீழே பார்த்துக் கத்துவார். “கீழத்தெரு மாரியக்கா ஊட்டுக்கு. நாலு, சைபர், ஒம்பது…” துணி உலர்த்திக்கொண்டிருக்கும் பெண் அதை வாங்கிக் கீழே கத்துவாள். அவளிடமிருந்து தண்ணீர்க் குழாயடி வாங்கும். “சைபரா ஏழா?” என்று கீழிருந்து கேள்வி ஏறிவரும். “சைபர், சைபர், காதுல பஞ்சா வெச்சிருக்கே?” என்று பதில் இறங்கும். மூடுபனி நிறைந்த காலைகளில் ஆள் தெரியாது. இலக்கங்கள் மட்டும் சரிவில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு இறங்கிக்கொண்டிருக்கும். முதல்முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் முறை வரவில்லை. ஒருவருடைய இரகசியம் இத்தனை வாய்களில் ஏறி இறங்குகிறது, அதைக் குறித்து எவருக்கும் அச்சம் இல்லை என்பதே என்னை அச்சுறுத்தியது.

எங்கள் பகுதி வாசகர் கழகத்தில் நான் ஒருமுறை உரையாற்றினேன். கணினிக் குற்றங்களைப் பற்றிய சட்டம், எண்ணிமப் படைப்புகளின் பதிப்புரிமை, தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆகியவை பொருள். தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, விதிகள் படிப்படியாக நடைமுறைக்கு வரும் என்று பேசப்பட்ட காலம். அவர் வந்திருந்தார். கதவோரம், சிக்னல் கிடைக்கும் நாற்காலியாகப் பார்த்து அமர்ந்திருந்தார். ஒப்புதல் என்பது தன்னிச்சையானதாக, தெளிவானதாக, இன்ன நோக்கத்துக்கு என்று குறிப்பிடப்பட்டதாக இருக்க வேண்டும் என்று நான் விளக்கியபோது அவர் கழுத்தில் கிண்ணம் ஒலித்தது. ஒருவர் தன் தரவை அழிக்கும்படி கோரலாம் என்று சொன்னபோது மறுபடி ஒலித்தது. நான் பேச்சை நிறுத்திப் பார்த்தேன். அவர் பையை இரு கைகளாலும் மூடிக்கொண்டார்.

இறுதியில் கேள்வி உண்டா என்று கேட்டபோது அவர் எழுந்தார்.

“ஆளு இல்லாமப் போயிட்டா, அந்த நம்பருக்கு வர்றதெல்லாம் என்ன ஆகுமுங்க ஐயா?”

நல்ல கேள்வி என்று பாராட்டினேன். தரவுக்கு உரியவர் இறந்துவிட்டாலோ செயலிழந்துவிட்டாலோ, அவர் சார்பில் உரிமைகளைச் செலுத்த ஒருவரை முன்கூட்டியே நியமித்துக்கொள்ள அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்றேன். அவையில் கைத்தட்டல் எழுந்தது.

“உரியவங்க எல்லாம் இருக்காங்க ஐயா,” என்றார் அவர், நின்றபடியே. “நம்பருதானுங்க…”

கழுத்தில் கிண்ணம் ஒலித்தது. மன்னிப்புக் கேட்கும் பாவனையில் தலையசைத்துவிட்டு வெளியே போனார். திரும்பி வரவில்லை.

என் விடையில் பிழை இல்லை. இன்று கேட்டாலும் அதையே சொல்வேன். அவர் கேட்டது வேறு கேள்வி என்பது எனக்குத் தெரிய வந்தது அடுத்த மழைக்காலத்தில். உரையைக் கேட்க வந்த நாளிலேயே, கோயம்புத்தூர் மருத்துவமனையில் எடுத்த பரிசோதனைகளின் முடிவு அவர் கைக்கு வந்துவிட்டிருந்ததாம்.

மருத்துவமனையிலும் அவர் அந்தக் கைப்பேசியைக் கீழே வைக்கவில்லை என்றார்கள். படுக்கையிலிருந்தே காந்தல் டீக்கடைக்குப் பேசி இலக்கங்களைச் சொல்வாராம். டீக்கடைக்காரர் வாசலுக்கு வந்து சரிவை நோக்கிக் கத்துவாராம். பிறகு ஒரு நாள் டீக்கடைக்கு அழைப்பு வரவில்லை.

அடுத்த முறை நான் உயிர்ச்சான்று பதியப் போனபோது, அவருடைய தங்கை கடையைக் காலி செய்துகொண்டிருந்தார். கணினி சாக்கில் கட்டப்பட்டிருந்தது. குண்டு பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நான் அனுதாபம் தெரிவித்தேன். பிறகு, சட்டம் படித்தவன் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

“அந்தக் கைப்பேசி எங்கே அம்மா?”

“அக்காகிட்டயே வெச்சுட்டமுங்க.”

“யாரிடம்?”

“அக்காகிட்டத்தானுங்க. அடக்கம் பண்றப்ப அந்தப் பையோட நெஞ்சு மேல வெச்சோம். ஊரு சனத்தோட குடியெல்லாம் இதுலதான் இருக்குதுன்னு சொல்லிட்டே இருப்பா. வேற ஒருத்தர் கையில சிக்கிரக்கூடாதுங்கல்ல?” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இனி ஒரு பயமும் இல்லீங்க ஐயா. மண்ணுக்குள்ள போயிருச்சு.”

காந்தல் முழுவதும் அதைச் சரி என்றே சொன்னது. இறந்தவர் விரும்பிய பொருளை அவரோடு வைத்து அனுப்புவது பல வீடுகளின் வழக்கம். அதில் பிரியம் இருந்தது. ஊரைக் காக்கும் எண்ணமும் இருந்தது. ஆனால் மண்ணுக்குள் போனது கருவி. எண் கருவிக்குள் குடியிருப்பதில்லை. அது நிறுவனத்துக்குச் சொந்தம். பயன்படுத்தப்படாமல், பணம் கட்டப்படாமல் கிடக்கும் எண்ணைச் சில காலம் பொறுத்து நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பிறகு இன்னும் சில காலம் ஆறப்போட்டு வேறொருவருக்கு விற்கிறது. கைப்பேசியை மேசை மேல் வைத்து, அவ்வப்போது பணம் கட்டி வந்திருந்தால் அந்த எண் காந்தலிலேயே இருந்திருக்கும். இவர்கள் அதைப் பத்திரமாகப் புதைத்தார்கள். அது சந்தைக்குப் போனது. இதை அந்தத் தங்கையிடம் நான் விளக்க முயன்றேன். அவர் அழுத முகத்தோடு என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ ஆவியைப் பற்றிப் பேசுவதாக எண்ணினார் என்று தோன்றியது.

அடுத்த ஆண்டின் மழையும் ஓய்ந்து பனி தொடங்கிய சமயத்தில், அந்தக் கொழுந்து பறிக்கும் அம்மாள் என் வீட்டு வாசலுக்கு வந்தார். கையில் அவருடைய அடையாள அட்டையின் புதிய நகல்.

“ஐயா, என் கார்டுல ஊரு மாறிக் கெடக்கு. நான் யார்கிட்டயும் கேக்கல.”

வாங்கிப் பார்த்தேன். பெயர் அவருடையது. படம் அவருடையது. முகவரி, வேறு மாவட்டத்தில் நான் கேள்விப்பட்டிராத ஒரு தெரு.

“மெயின் ரோட்டுக் கடையில கேட்டேன். திருப்பி மாத்தணும்னா பழைய நம்பருக்கு ஓ.டி.பி. போகும், அதைச் சொல்லுங்கன்னான். அந்த நம்பரு குழிக்குள்ள கெடக்குன்னு சொன்னேன். சிரிக்கிறான்.” படியில் உட்கார்ந்தார். “மறுபடியும் என்னைய எங்கயோ அனுப்பிட்டாங்க ஐயா. இந்தத் தடவ கப்பல் கூட இல்ல.”

அவருக்காக ஒரு மனு எழுதிக்கொடுத்தேன். சட்டப்படி எழுதவேண்டியதையெல்லாம் எழுதினேன். ஆனால் யார் மீது எழுதுவது என்பதில் பேனா தயங்கியது. எண்ணை விற்ற நிறுவனம் விதிப்படி விற்றிருக்கிறது. வாங்கியவர் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறார். எண்ணை இரவல் கொடுத்தவர் மண்ணுக்குள் இருக்கிறார். முகவரியை மாற்றியவர் யார் என்று தெரியவில்லை.

இதுவரை நான் எழுதியது பிறருடைய கதை. என்னைப் பொறுத்தவரை நான் எச்சரிக்கையாக இருந்தவன். முதன்முதலில் அவரிடம் பதியப் போன நாளிலேயே, என் எண்ணைத்தான் பதிய வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். கைப்பேசி வைத்துக்கொள்வதில்லை என்பது என் கொள்கை. வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன். அவர் தட்டினார். திரையில் ஏதோ சிவப்பு எழுத்து வந்தது. மறுபடி தட்டினார். என் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

“பதிவாகிவிட்டதா?” என்றேன்.

“ஆச்சுங்க ஐயா” என்றார்.

அதே நாளில் எனக்கொரு மின்னஞ்சல் கணக்கும் தொடங்கித் தந்தார். கடவுச்சொல் வைக்கும் நேரத்தில் அவரைத் திரும்பி உட்காரச் சொன்னேன். சொன்னவுடன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, நான் முடித்தேன் என்று சொல்லும்வரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பண்பை அன்று மெச்சினேன். வீட்டுக் கணினியில் அந்தக் கணக்கின் வழியாகத்தான் இத்தனை ஆண்டுகளாக என் கடிதங்கள் போய்வந்தன. பழைய மாணவர்களுக்குப் பரிந்துரைகள், வழக்கறிஞர்கள் கேட்ட கருத்துரைகள், ஒப்பமிட்ட நகல்கள் எல்லாமே அதில் இருந்தன. பரிந்துரை வழங்குவதில் நான் கஞ்சன் என்று என் மாணவர்கள் சொல்வார்கள். அதனால்தான் என் பரிந்துரைக்கு ஒரு மதிப்பு இருந்தது.

சென்ற வாரம் ஒரு முற்பகலில் அப்படியொரு பழைய மாணவர் தொலைபேசியில் அழைத்தார். பெரிய நிறுவனம் ஒன்றில் சட்ட அலுவலர்.

“சார், நீங்க சொன்னவரைச் சேத்தாச்சு. முக்கியமான பைலெல்லாம் பாக்கற பொறுப்பு. உங்க லெட்டர் இல்லைன்னா கொஞ்சம் யோசிச்சிருப்போம்.”

“எந்தக் கடிதம்?”

“போன வாரம் மெயில்ல அனுப்பினீங்களே சார். உங்க கையெழுத்து, உங்க நடை. ‘இவருடைய நேர்மைக்கு நான் பொறுப்பு’ன்னு எழுதியிருந்தீங்க. நீங்க யாருக்கும் அப்படி எழுதி நான் பாத்ததில்ல.”

அவரிடம் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. தொலைபேசியை வைத்துவிட்டுக் கணினியின் முன் அமர்ந்தேன். என் கடவுச்சொல்லை ஏற்கவில்லை. அது மாற்றப்பட்டுவிட்டது என்றது திரை. மீட்பதற்கான வழியை அழுத்தினேன். ‘பதிவு செய்யப்பட்ட எண்ணுக்குக் குறியீடு அனுப்பப்படும்’ என்ற வரி வந்தது. எண்ணை மறைத்து, கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் காட்டியது.

இரட்டை எட்டு.

என் முகத்தை அவர் அன்று பார்த்த பார்வையின் பொருள் அப்போதுதான் விளங்கியது. வீட்டுத் தொலைபேசி எண்ணை அந்தக் கட்டம் ஏற்கவில்லை. ஏற்கவில்லை என்று என்னிடம் சொல்லி, என் கொள்கையோடு என்னை நிறுத்திவைக்க அவருக்கு மனம் வரவில்லை. காந்தலில் எல்லாருக்கும் செய்ததை எனக்கும் செய்துவிட்டார், மின்னஞ்சல் கணக்குக்கும் சேர்த்து. ஒத்துக்கறீங்கல்ல என்று மட்டும் கேட்கவில்லை.

திரையில் ‘அனுப்புக’ என்று ஒரே ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தாவிட்டால் அடுத்த பக்கம் போகாது. அழுத்தினேன். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி ஏறி, எதிர்வீட்டு ஓட்டுக்கூரை மறைந்துகொண்டிருந்தது. சிறிது நேரம் எதுவும் நிகழவில்லை. பிறகு என் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. எழுந்து போய் எடுத்தேன்.

“புரொபசர் ஐயாங்களா?” இளம் குரல், பணிவான கொங்குப் பேச்சு.

“ஆம். யார் பேசுவது?”

“இப்ப ஒரு ஓ.டி.பி. கேட்டீங்களே, வந்திருக்குதுங்க. சொல்லட்டுங்களா?”

“இந்த எண் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?”

“உங்க மெயில் கணக்குல, ரெண்டாவது நம்பர் கேக்கற கட்டத்துல போட்டிருக்குதுங்க ஐயா.”

“நீங்கள் வைத்திருப்பது இன்னொருவருடைய எண். அதைப் பயன்படுத்தும் உரிமை உங்களுக்கு இல்லை.”

“கடையில காசு குடுத்து வாங்கினதுங்க ஐயா. எம் பேர்லதான் இருக்குது.” குரலில் கேலி இல்லை, ஒரு மாணவனின் மரியாதை இருந்தது. “சட்டம் படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததுங்களா? சொல்லட்டுங்களா, வேண்டாமுங்களா? நேரம் போகுதுங்க.”

மேசை மேல் பென்சில் கிடந்தது. அதை எடுத்தேன்.

“சொல்லுங்கள்” என்றேன்.

மறுமுனையில் செய்தி ஒன்று வந்த ஒலி கேட்டது. “இருங்க ஐயா” என்றார் அவர். பிறகு தனக்குள் பேசிக்கொள்வது போல, “இது மேலத்தெரு கேஸு” என்றார். அதைத் தொடர்ந்து இன்னொன்று ஒலித்தது, உடனே இன்னொன்று. அந்த ஒலிகளுக்கு நடுவே, அவர் என்னைத் தேற்றும் குரலில் சொன்னார்:

“நீங்க ஒண்ணும் பதறாதீங்க ஐயா. இனி எல்லாத்தையும் நான் பாத்துக்கறனுங்க.”